ஜஸ்ட் பாஸ் படங்கள்



இன்றைக்குப் பாடம் கிடையாது. சினிமாதான். மூன்று நாளாக விடாத சாரல். மத்தியானம் ஆனால் வீட்டில் டி.வி. ஓடுகிறது. அதில் ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்த படங்களே திரும்பவும் வருகின்றன. பார்த்துக்கொண்டே யோசித்ததைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமரிசகர் இல்லை. கேமராக் கோணம், எடிட்டிங் எதுவும் எனக்குத் தெரியாது. வடகரையில் என் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில், முறுக்கும் கடுங்காப்பியுமாக உட்கார்ந்து படம் பார்க்கிற ரகம். ஆசிரியர் பயிற்சி முடித்து 34 வருஷம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தேன். அதனால் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், மார்க் போடுவது.

பேப்பர் திருத்தியவர்களுக்கு இது புரியும். ஒரு பிள்ளை கணக்கில் விடையைத் தப்பாக எழுதியிருக்கும். ஆனால் வழி சரியாக இருக்கும். சைபர் போட மனசு வராது. ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. இன்னொரு பிள்ளை கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதியிருக்கும். ஆனால் வாசிக்க அத்தனை ருசியாக இருக்கும். சிரித்துக்கொண்டே இரண்டு மார்க் போடுவோம். தமிழ் சினிமாவில் எனக்குப் பிடித்த படங்களில் பாதி இந்த ரகம்தான். தேறாது என்று தெரியும், ஆனால் பெயில் போட முடியாது. ஜஸ்ட் பாஸ்.

முதலில் 'கரகாட்டக்காரன்'. 1989இல் வந்தது. கங்கை அமரன் எடுத்தது. கதை என்று கேட்டால் ஒரு தபால் கார்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆட வந்த இரண்டு பேருக்கு நடுவில் போட்டி, அப்புறம் காதல். ஏற்கெனவே 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தவர்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நம் பக்கத்து அம்மன் கொடைகளில் நையாண்டி மேளத்துக்குக் கரகம் ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தலையில் கரகம் நிற்க, பின்பக்கமாக வளைந்து கண் இமையால் ஊசி எடுப்பார்கள். ஏணியில் ஏறுவார்கள். வியர்வை சொட்டும். ராமராஜன் தலையிலும் கரகம் நிற்கிறது, ஆனால் கால் அவ்வளவாக அசையவில்லை. எங்கள் மதினி ஒரே வரியில் சொன்னாள்: "இவரு ஆடுனா கரகம் விழுந்துருமேன்னு பயந்து நிக்காரு போல."

ஆனால் இளையராஜா பாட்டு வரும்போது அதே மதினிதான் சத்தத்தைக் கூட்டச் சொல்வாள். அந்த வாழைப்பழக் காமெடி இருக்கிறதே, அதை எழுதியவர் ஏ. வீரப்பன். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கி, வழியில் ஒன்றைத் தின்றுவிட்ட செந்திலிடம் கவுண்டமணி கணக்குக் கேட்கிற காட்சி. இரண்டாம் வகுப்பில் கழித்தல் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. குச்சியும் புளியங்கொட்டையும் வைத்துச் சொன்னபோது முழித்த பிள்ளைகளுக்கு, வாழைப்பழம் என்றதும் விளங்கிவிட்டது. மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். ஓட வைத்தது கதை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்து மிருகப் படங்கள். சாண்டோ சின்னப்பா தேவர் ஆரம்பித்து வைத்த வழி. 1972இல் எம்.ஜி.ஆர். நடித்த 'நல்ல நேரம்' யானைகளின் படம். 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு', அதில் ஆடு. பிறகு இராம நாராயணன் வந்தார். பாம்பு, குரங்கு, நாய், யானை எல்லாம் அவர் படத்தில் கதாநாயகனைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கும். 1990இல் வந்த 'துர்கா'வில் பேபி ஷாமிலிக்குக் காவல் ஒரு நாயும் ஒரு குரங்கும். அந்தப் படம் ஊருக்கு வந்த பிறகு பல நாள் என் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. ஒரு பையன் கேட்டான், "டீச்சர், அந்தக் கொரங்கு எத்தனாங் கிளாஸ் படிச்சிருக்கும்?"

இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. வடகரை, மேக்கரை, பண்பொழிப் பக்கத்து விவசாயிகளிடம் யானை என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். மலையடிவாரம். ராத்திரியில் இறங்கி வந்து தென்னையைச் சாய்த்துவிட்டு, வாழையை மிதித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பப் போய்விடும். பல வருஷத்து உழைப்பு ஒரு ராத்திரியில் போகும். வெடி போட்டு, தகரம் தட்டி விரட்டுகிற ஊர் இது. நிஜ யானை பூசையும் செய்யாது, வில்லனையும் பிடித்துக் கொடுக்காது. இது எங்களைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் அதே விவசாயி, டி.வி.யில் 'நல்ல நேரம்' ஓடும்போது, யானையை வீட்டைவிட்டு அனுப்புகிற காட்சியில் துண்டால் கண்ணைத் துடைக்கிறார். நான் கண்ணால் பார்த்தது. "அண்ணாச்சி, போன மாசம்தான் உங்க தோப்புல பத்துத் தென்னையச் சாச்சுது" என்றேன். "அது வேற யானை டீச்சர்" என்றார்.

இந்தப் பதிலில்தான் எல்லாமே இருக்கிறது. பார்க்கிறவருக்குப் பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் பார்க்கிறார். அவரை யாரும் ஏமாற்றவில்லை.

'சின்னத் தம்பி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் பி. வாசு எடுத்தது. பிரபு, குஷ்பு. கதாநாயகனுக்குத் தாலி என்றால் என்னவென்றே தெரியாது. ஊரில் கோயில் இருக்கிறது, கல்யாணம் நடக்கிறது, தாலி கட்டிய பெண்கள் தெருவில் நடமாடுகிறார்கள். பாட்டெல்லாம் அத்தனை அர்த்தத்தோடு பாடுகிறார். தாலி மட்டும் தெரியாது! கதையே அந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது. ஆணியைப் பிடுங்கினால் படம் கீழே விழுந்துவிடும்.

இந்தப் படம் எப்போது போட்டாலும் எங்கள் வீட்டில் வழக்கு உண்டு. "அது எப்படி தெரியாம இருக்கும்?" என்பது என் கட்சி. "வெள்ளந்தியா வளந்தவன், தெரியாதுதான்" என்பது மதினி கட்சி. எங்கள் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "ஏட்டி, அவனுக்குத் தாலி தெரிஞ்சா படம் இடைவேளைக்கு முன்னாலயே முடிஞ்சிருமே" என்பார். முப்பது வருஷமாகத் தீர்ப்பு வராத வழக்கு. நன்றாக எடுத்த படத்தை வாய் திறக்காமல் பார்ப்போம். இந்த மாதிரிப் படத்தைத்தான் பேசிக்கொண்டே பார்ப்போம். ஓட்டை இருக்கிற இடத்தில் நாம் நுழைந்து உட்கார்ந்துகொள்ளலாம். வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரிக்க அதுவும் ஒரு காரணம்.

இப்போது நம் பக்கத்துப் படம் ஒன்று. தென்காசியைத் தாண்டினால் சுந்தரபாண்டியபுரம். 1992இல் வந்த 'ரோஜா'வில் கதாநாயகிக்கு அதுதான் ஊர். ஜூலை, ஆகஸ்ட்டில் சூரியகாந்தி பூத்தால் கேரளாவில் இருந்து வண்டி வண்டியாக வந்து நின்று போட்டோ எடுக்கிறார்கள். அப்படியே பக்கத்தில் இருக்கிற பாறைக்கும் போகிறார்கள். அதற்கு இப்போது 'அந்நியன் பாறை' என்றே பெயர். ஷங்கர் படத்துக்காக வீடு, லாரி, ரோடு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வண்ணம் பூசி, பாறையில் நடிகர்களின் முகங்களை வரைந்து ஒரு பாட்டு எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு முன்னால் அந்தப் பாறையை ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

'அந்நியன்' வந்தது 2005 ஜூனில். வசனம் சுஜாதா. விக்ரம் மூன்று ஆளாக வருவார். சட்டம் பேசுகிற அம்பி, காதலிக்கிற ரெமோ, கொலை செய்கிற அந்நியன். மூன்றும் ஒரே ஆள், ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. பயந்த சுபாவமுள்ள ஒரு வக்கீல், ராத்திரியானால் தனி ஆளாக எருமைக் கூட்டத்தை ஓட்டிவந்து ஒருவனை மிதிக்க வைக்கிறார். எருமை மேய்த்தவர்களைக் கேளுங்கள், நாலு எருமையை ஒரு பக்கமாக நகர்த்துவதற்குள் பொழுது விடிந்துவிடும். அத்தனை ஆளோடு தனியாகச் சண்டை போடுகிறார். ஸ்டேடியம் நிறைய மக்களையும் போலீசையும் வைத்துக்கொண்டு பேசிவிட்டு மறைந்து போகிறார். கேள்வி கேட்க ஆரம்பித்தால் முடியாது. ஆனால் பிரகாஷ்ராஜ் விசாரிக்கும்போது, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் அம்பியாக அழுது அடுத்த நிமிஷம் அந்நியனாக உறுமுகிறாரே, அந்த இடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடுவேன்.

அந்தப் படத்தில் இன்னொரு இடம் உண்டு. அம்பியின் தங்கை சின்னப் பிள்ளை. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் கால் வைக்கிறாள். கம்பி அறுந்து விழுந்த தண்ணீர். அவ்வளவுதான். யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகப் பார்க்காததால் ஒரு குழந்தை போய்விடுகிறது. படத்தில் மற்றதெல்லாம் நம்ப முடியாதது. இது மட்டும் நம்பும்படியாக இருக்கிறது. சாரல் காலத்தில் காற்று அடித்தால் கம்பி அறுந்து கிடக்கிற ஊர்களில் பள்ளிக்கூடம் நடத்தியவர்களுக்கு இது தெரியும். அந்தப் படத்துக்குப் பிறகு ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், "தேங்குன தண்ணில கால் வைக்காதீங்க, கம்பி கெடந்தா கிட்டப் போகாதீங்க" என்று நான் சொல்ல ஆரம்பித்தால், பிள்ளைகளே "அந்நியன் தங்கச்சி மாதிரி" என்று முடிப்பார்கள். அறிவியல் புத்தகம் செய்யாததை அந்த ஒரு காட்சி செய்தது.

ஆனால் அதே படத்தில் ரயிலில் கெட்ட சாப்பாடு போட்ட ஆளைக் கொதிக்கிற எண்ணெயில் போடுகிறார்கள், கருட புராணத்துத் தண்டனை என்று. கொட்டகையில் கைதட்டல். அடுத்த வாரம் என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை நிஜமாகவே கவலையோடு வந்து கேட்டது: "டீச்சர், நம்ம சத்துணவுச் சோத்துல கல்லு கெடந்தா, ஆயாவையும் எண்ணெயில போட்ருவாவளா?"

அந்த ஆயாவிடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயிர். "அதெல்லாம் போட மாட்டாவ. 'அரிசியை நல்லாக் களைங்க ஆயா'ன்னு நீ போய்ச் சொன்னாப் போதும்" என்றேன். போய்ச் சொல்லியும் விட்டது. எருமை எப்படி வந்தது என்கிற ஓட்டை என்னைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யவில்லை. இந்தக் கேள்வி செய்தது.

அதிலிருந்து படத்தின் குறைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். ஒன்று, கதையை நொண்ட வைக்கிற குறை. இன்னொன்று, மனுசரை நோக வைக்கிற குறை. முதல் குறைக்கு நான் ஸ்டெப் மார்க் போடுவேன், சிரிப்பேன், பத்துத் தடவை பார்ப்பேன். இரண்டாவதற்கு மார்க் கிடையாது. சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே படத்தில் இருக்கும். நாம் முதலாவதைப் பிடித்துக்கொண்டு "லாஜிக் இல்லை, லாஜிக் இல்லை" என்று நாள் முழுக்கச் சத்தம் போடுவோம். இரண்டாவது சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

'மன்னன்' படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1992 பொங்கலுக்கு வந்தது. இதுவும் பி. வாசுதான். லீவுக்குப் பொய்க் காரணம் சொல்லிவிட்டு ரஜினியும் கவுண்டமணியும் சினிமாவுக்குப் போய் வரிசையில் முண்டியடித்து டிக்கெட் எடுக்கிற காட்சிக்கு இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். விஜயசாந்தி கம்பெனி முதலாளி. எத்தனை மிடுக்கு! ஆனால் முடிவு என்ன? அவர் கம்பெனியை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்க்க வீட்டில் இருந்துவிடுகிறார். அதுதான் பெண்ணுக்கு அழகு என்று படம் முடிகிறது. 34 வருஷம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கி, வந்து சோறும் பொங்கிய நான் அதை எப்படிப் பார்ப்பது? கடைசிப் பத்து நிமிஷம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவேன். மதினிக்கு இது தெரியும். "டீச்சர் எந்திச்சிட்டா, படம் முடியப் போகுது" என்பாள்.

1982இல் வந்த 'சகலகலா வல்லவன்' இன்னும் மோசம். கமல் ஆட்டம், இளையராஜா பாட்டு, ஊரே கொண்டாடியது. ஆனால் அதில் தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பதுதான் அண்ணன் வாங்கித் தருகிற நியாயம். அந்தத் தங்கையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பாட்டு வந்தால் கேட்பேன். படம் போட்டால் சேனலை மாற்றிவிடுவேன்.

என் மனசில் முள்ளாக நிற்கிற படம் 'சிவாஜி'. 2007இல் வந்தது, மறுபடியும் ஷங்கர். குறை சொல்ல எத்தனையோ இருக்கிறது. கதாநாயகன் மின்சாரத்தில் செத்து, ஆஸ்பத்திரியில் எழுப்பப்பட்டு, மொட்டைத் தலையோடு வேறு பெயரில் வருகிறார். (அந்நியன் பார்த்துவிட்டுக் கம்பிக்குப் பயந்த என் பிள்ளைகளுக்கு, "செத்தவங்கள எழுப்ப முடியாது" என்று நான் தனியாக ஒரு வகுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.) அதெல்லாம் ரஜினி படம், போகட்டும். நாணயத்தைச் சுண்டிவிட்டு நடக்கிற நடைக்கு நானும் ரசிகைதான்.

ஆனால் அதில் இரண்டு பெண்கள் வருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? முகத்தில் கரும்பூச்சு பூசி, அவர்களைப் பார்த்தாலே எல்லோரும் அலறி ஓடுகிற மாதிரி. காமெடி என்று வைத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்களுக்கு நம் மரபு சொல்கிற பெயர்கள் அவை. அந்தச் சகோதரிகள் பாடியதாகவே புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. தகப்பனையும் மலையையும் இழந்த துயரத்தில் பாடியது. அந்தப் பெயர்தான் கிடைத்ததா?

அந்த வருஷம் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை. நல்ல கருப்பு. படிப்பில் சுட்டி. படம் வந்த பத்தாம் நாள் பையன்கள் அவளை "ஏ அங்கவ" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அழவில்லை. முதல் பெஞ்சில் இருந்து எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கேள்வி கேட்டால் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

பையன்களைத் திட்டினால் பெயர் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதனால் அன்றைக்குக் கணக்குப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதை சொன்னேன். பறம்பு மலை, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மூன்று ராஜாக்கள் சேர்ந்து முற்றுகை போட்டது, நண்பன் இறந்த பிறகு அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கபிலர், எல்லாம். கடைசியில்தான் அந்த மகள்களுடைய பெயரைச் சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. மணி அடித்த பிறகு கடைசி பெஞ்சில் இருந்து அவள் மெதுவாக வந்து கேட்டாள்: "அவிய நெசமாவே பாட்டு எழுதுனாவளா டீச்சர்?"

எழுதினார்கள் என்றேன். பையன்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால் அது சினிமாவாகிவிடும். இன்னும் இரண்டு வாரம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மாதம் கழித்து முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். இரண்டு மூன்று நிமிஷக் காமெடி அது. எடுத்தவர்கள் மறந்துகூடப் போயிருப்பார்கள்.

செந்திலை நிறத்தையும் உருவத்தையும் சொல்லித் திட்டுகிற வசனங்களும் இப்படித்தான். கொட்டகையில் ஒரு தடவை சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். பள்ளிக்கூடத்தில் அதே நிறம் உள்ள பிள்ளைக்கு அது வருஷம் முழுக்க ஓடுகிற படம்.

அதற்காக இந்தப் படங்களைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்? என் பேரனே 'சிவாஜி' போட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நாணயக் காட்சிக்கு இரண்டு பேரும் சேர்ந்து கைதட்டுவோம். அந்தப் பெண்கள் வருகிற இடத்தில், "இது நல்லா இல்லல, ஏன்னு சொல்லு பாப்போம்" என்பேன். முதல் தடவை அவனுக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம் தடவை, "ஆச்சி, அவங்களுக்கு மேக்கப் போட்டு அசிங்கமாக் காட்டுதாங்க. எங்க கிளாஸ்ல அந்தக் கலர்ல பிள்ளைங்க இருக்காங்க" என்றான். ஏழு வயது. எனக்கு அது போதும்.

எருமை எங்கிருந்து வந்தது, யானை எப்படிப் பூசை செய்தது என்று பிள்ளைகளிடம் விளக்க வேண்டியதில்லை. அது பொய் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த இரண்டாவது குறையை மட்டும், படம் ஓடும்போதே பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம், ஒரு வார்த்தை போதும்.

சரி, என் பட்டியலை எழுதிவிட்டேன். உங்களுக்குப் பிடித்த ஜஸ்ட் பாஸ் படம் எது? எந்தக் காட்சிக்கு ஸ்டெப் மார்க், எந்தக் காட்சியில் எழுந்து போவீர்கள்? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். சின்னத் தம்பிக்குத் தாலி தெரியாமல் இருந்திருக்கும் என்று வாதாட விரும்புகிறவர்களும் வரலாம். மதினி உங்கள் கட்சி.